மேலகரத்திலிருந்து ரோமாபுரி வரை: தேனிலவுப் பயணம் திட்டமிடும் கலை

முன்னுரை

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மண் நமது மேலகரம். அந்நூலின் இறுதிப் பகுதியில் சுவையான ஓர் இடம் உண்டு. பல ஊர்களுக்குச் சென்று குறி சொல்லிப் பரிசு பெற்று வந்த சிங்கியைத் தேடி அலைகிறான் சிங்கன். கண்டதும் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். எந்த ஊரில் எந்த அணி கிடைத்தது என்று அவள் ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்கிறாள். ஊர்களை அறிந்தவள் மனைவி. கேட்டு வியப்பவன் கணவன். கணவனும் மனைவியும் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இலக்கியம் நம் ஊருக்குப் புதிதன்று.

‘தேனிலவு’ என்ற சொல்தான் புதிது. ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பாக வந்தது அது. 1961-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘தேன் நிலவு’ காஷ்மீரத்தைக் காட்டியது. 1969-இல் அவரே இயக்கிய ‘சிவந்த மண்’ ஐரோப்பிய நகரங்களைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. அன்று வெண்திரையில் மட்டும் கண்ட ஊர்களுக்கு இன்று நம் வட்டாரத்து இளந்தம்பதியரும் போய்வருகின்றனர். அப்படிப் போகும் பயணத்தை எவ்வாறு வகுப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்களைக் கூட்டிக்கொண்டே போவது திட்டம் அன்று. தேவையறிந்து குறைப்பதே திட்டம். அதையும் இருவரும் சேர்ந்து செய்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

காலம் அறிதல்

முதற்கேள்வி, எங்கே என்பதன்று, எப்போது என்பதே. இங்கே இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று நம் முகூர்த்த நாட்காட்டி. மற்றொன்று ஐரோப்பியப் பருவ நாட்காட்டி.

குற்றாலத்தில் சாரல் வீசும் ஆனியும் ஆடியும் ஐரோப்பாவின் கோடை விடுமுறைக் காலம். பள்ளிகள் மூடப்பட்டு அந்நாட்டு மக்களே ஊர் சுற்றக் கிளம்பும் நேரம் அது. கூட்டமும் அதிகம், விடுதி வாடகையும் அதிகம். நம் வழக்கப்படி ஆடியில் திருமணம் இல்லை. புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் மாதமும் அதுவே. இந்த வழக்கம் பயணச் செலவைப் பொறுத்தவரை நமக்கு நன்மையே செய்கிறது எனலாம்!

வைகாசியில் மணம் முடித்தவர்கள் செப்டம்பரில் போகலாம். வெயில் தணிந்து கூட்டமும் குறைந்திருக்கும். தை மாதத்தில் மணம் முடித்தவர்களுக்குச் சித்திரை உகந்தது. அங்கே இளவேனில் தொடங்கிப் பூக்கள் மலரும் காலம். மார்கழிக் குளிரில் பாரிசில் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. ஜூன் இறுதியிலோ 16 மணி நேரம். ஒரே விடுதி வாடகைக்கு இருமடங்கு பகல் கிடைக்கிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரவுகளை எண்ணுதல்

தந்தை பெரியார் 1931 டிசம்பரில் புறப்பட்டு எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளைக் கண்டு 1932 நவம்பரில் திரும்பினார். அதற்குப் பதினொரு மாதங்கள் ஆயின. இன்றைய தம்பதியர்க்குக் கிடைப்பது இரண்டு வார விடுப்பு. அதற்குள் ஏழெட்டு நாடுகள் என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. விமானம் விரைவாகப் பறக்கிறது என்பது உண்மையே. ஆனால் பார்க்கும் கண்ணும் நடக்கும் காலும் அன்றிருந்தவையே அல்லவா?

ஆகவே நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுங்கள். ஒரு விடுதியிலிருந்து மற்றோர் ஊரின் விடுதிக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுதல், நிலையம் சேர்தல், வண்டிப் பயணம், புதிய விடுதியைத் தேடுதல் என அரை நாளாவது கழிந்துவிடும். 12 இரவுகளில் 7 ஊர்கள் என்றால் 6 மாற்றங்கள். அதாவது 3 நாட்கள் வழியிலேயே போய்விடும். 4 ஊர்கள் என்றால் 3 மாற்றங்கள். ஒன்றரை நாள் மட்டுமே செலவாகும். மிச்சமாகும் ஒன்றரை நாள் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

சென்று இறங்கும் முதல் நாளைப் பார்வையிடும் நாளாகக் கணக்கிடலாகாது. கோடையில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்தங்கியது. குளிர்காலத்தில் நான்கரை மணி. திருமண வீட்டின் அலைச்சலும் உறக்கமின்மையும் இதனுடன் சேரும்போது உடல் ஓய்வையே கேட்கும்.

வழி அமைத்தல்

வழி என்பது ஒரு கோடாக அமைய வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து விமானம் ஏறும்படி பயணச்சீட்டு வாங்கினால், புறப்பட்ட ஊருக்கே மீண்டும் ஓடி வரும் வீண் செலவு இல்லை. எடுத்துக்காட்டாக ஒரு திட்டத்தைக் காண்போம்:

1. பாரிஸ்: 4 இரவுகள்
2. லூசர்ன் (சுவிட்சர்லாந்து): 3 இரவுகள்
3. வெனிஸ்: 2 இரவுகள்
4. ரோம்: 3 இரவுகள்

மேலகரத்திலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியே திருவனந்தபுரம் விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தொலைவில் உள்ளது. அங்கிருந்து வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் மாறி ஐரோப்பா செல்வது வழக்கமான வழி. பாரிசிலிருந்து பாசல் நகருக்கு அதிவேக இரயிலில் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து லூசர்ன் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

லூசர்னுக்கு அருகிலுள்ள பிலாட்டஸ் மலையில் 1889-இல் திறக்கப்பட்ட பற்சக்கர இரயில்பாதை இருக்கிறது. உலகிலேயே மிகச் செங்குத்தான பற்சக்கரப் பாதை அதுதான். ஏற்றம் 48 விழுக்காடு வரை செல்லும். பனிக்காலத்தில் இவ்வண்டி ஓடுவதில்லை. காலம் அறிதல் ஏன் முதலில் வந்தது என்பது இங்கே விளங்கும். லூசர்னிலிருந்து தெற்கே மிலான் செல்லும் வண்டி, 2016-இல் திறக்கப்பட்ட கோத்தார்டு அடித்தளச் சுரங்கத்தின் வழியே ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிறது. அதன் நீளம் 57 கிலோமீட்டர். மிலானில் மாறி வெனிஸ் சேரலாம். லூசர்னிலிருந்து வெனிசுக்கு மாற்றும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. இந்தத் திட்டத்தில் முழுப்பகலையும் விழுங்கும் மாற்றம் இது ஒன்றே. வெனிசிலிருந்து ரோம் சுமார் 4 மணி நேரம்.

பல நாட்டு இரயில்களுக்கும் செல்லும் ‘யூரெயில்’ சீட்டு 1959 முதல் உள்ளது. அதனை வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர் பலர். பிரான்சு, இத்தாலி நாடுகளின் அதிவேக வண்டிகளில் அச்சீட்டு இருந்தாலும் இருக்கைக்குத் தனியே முன்பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். மூன்றே மாற்றங்கள் கொண்ட திட்டத்துக்கு, முன்கூட்டியே தனித்தனிச் சீட்டு வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம்.

ஒரு சிற்றூரின் பெயரால் ஒரு விசா

லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்றொரு சிற்றூர். ஜெர்மனியும் பிரான்சும் அங்கே வந்து தொடுகின்றன. 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே ஆற்றில் நின்ற கப்பலொன்றில் கூடித் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்க உடன்பட்டன. அந்த ஐந்து இன்று 29 ஆகியிருக்கிறது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக இணைந்தன. நம் மேலகரத்தைப் போன்ற ஒரு சிற்றூரின் பெயர் ஒரு கண்டத்தின் வாயிற்பெயராகிவிட்டது! இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதில் சேரா. அவற்றுக்குத் தனி விசா வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை எனினும் ஷெங்கனில் உண்டு. ஆனால் அதன் நாணயம் யூரோ அன்று, பிராங்க்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். இறங்கும் நாட்டிடம் அன்று. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நம் திட்டத்தில் பிரான்சு 4, சுவிட்சர்லாந்து 3, இத்தாலி 2+3=5. எனவே பாரிசில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்கே. பாரிசில் ஓர் இரவு கூட்டினால் பிரான்சு 5, இத்தாலி 5 எனச் சமமாகிவிடும். அப்போது முதலில் நுழையும் பிரான்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓர் இரவு விண்ணப்பத்தின் திசையையே மாற்றிவிடுகிறது. ஆகவே வழித்திட்டம் முடிவாகாமல் விசாவுக்கு நாள் குறிக்கலாகாது.

பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாட்களுக்குக் குறையாமல் முன்னதாகத் தர வேண்டும். முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும். சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்க்குக் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்போர் விரல்ரேகை தர நேரில் செல்ல வேண்டும். செங்கோட்டையிலிருந்து புறப்படும் பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்கு ஓர் இரவுப் பயணம் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்க.

பெயரும் இன்ஷியலும்

நமக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. மேலைநாட்டார்க்குக் குடும்பப்பெயர் உண்டு. நமக்கு இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து. மணமானதும் பெண்ணின் இன்ஷியலை மாற்றி, கணவன் பெயரில் பயணச்சீட்டு எழுதிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டிலோ தந்தை பெயரே இருக்கும். பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருத்தல் வேண்டும்.

மணமானதால் பெண் தன் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பழைய பெயரிலுள்ள பாஸ்போர்ட்டுடன் திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்துச் செல்வதே எளிய வழி. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கணவன் மனைவி என்று சேர்ந்து விண்ணப்பிக்க இச்சான்றிதழ் வேண்டும். ஆகவே மணநாளுக்கும் பயண நாளுக்கும் இடையே இரண்டு மாதமாவது இடைவெளி விடுதல் அறிவுடைமை. மணமேடையிலிருந்து நேரே விமானம் ஏறும் காட்சி திரைப்படத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பணமும் மனமும்

செலவைத் தீர்மானிப்பவை நான்கு: விமானச் சீட்டு, விடுதி, இரயில், உணவு. இவற்றுள் விமானச் சீட்டையும் இரயில் சீட்டையும் முன்பதிவால் குறைக்கலாம். விடுதிச் செலவை ஊர் தேர்வால் குறைக்கலாம். சுவிட்சர்லாந்து விலை மிகுந்த நாடு, அங்கு ஓர் இரவைக் குறைத்து ரோமில் கூட்டினாலே வேறுபாடு தெரியும். உணவுச் செலவைச் சமையலறையுள்ள விடுதியாலும், வீட்டிலிருந்து கொண்டு செல்லும் பருப்புப் பொடியாலும் குறைக்கலாம். ரோம் நகரத் தெருக்களில் நன்னீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. குடிநீருக்குக் காசு வேண்டாம். விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டுமே விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும்.

பயணத்தைக் கடனில் நடத்துவது தகுமா? திருமணச் செலவால் ஏற்கெனவே தளர்ந்த குடும்பத்தின்மேல் பயணக் கடனும் ஏறினால், இரண்டு வார இன்பத்துக்கு இரண்டு மூன்றாண்டு தவணை கட்ட நேரும். அண்டை வீட்டார் போனார்கள் என்பதற்காகப் போகும் பயணம் அவர்களுக்காகவே போகும் பயணம். கையில் உள்ள பணத்துக்கு இரண்டே ஊர் என்றால் இரண்டே ஊர் போதும். ஓராண்டு பொறுத்துப் போனால் மட்டும் நிலவு தேய்ந்துவிடப் போவதில்லை.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. பல வீடுகளில் ஊர்களை மணமகன் தேர்ந்தெடுக்கிறான். பணத்தைப் பெரியவர்கள் தருகிறார்கள். மணமகள் பெட்டியைக் கட்டுகிறாள். அவளுக்கு மலை பிடிக்குமா, கடல் பிடிக்குமா, அருங்காட்சியகம் பிடிக்குமா, ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. சிங்கனாவது கேட்டான்! இதற்கு எளிய முறை ஒன்றுண்டு. இருவரும் தனித்தனித் தாளில் ஆறு ஊர்களை எழுத வேண்டும். பிறகு ஒருவர் தாளிலிருந்து மற்றவர் இரண்டை நீக்க வேண்டும். மிஞ்சிய பெயர்களை நிலப்படத்தில் குறித்து, ஒரு கோட்டில் அமைவனவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். விட்டுக்கொடுத்தலும் கேட்டுப்பெறுதலும் அந்த ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பின்னாளில் வீடு கட்டும்போதும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் தேவைப்படும் பழக்கம் அதுவே.

முடிவுரை

காலம் அறிந்து, இரவுகளை எண்ணி, ஊர்களைக் குறைத்து, வழியைக் கோடாக்கி, அதன்பின் விசாவுக்கு விண்ணப்பித்து, கடனின்றிப் போய்வருவதே நல்ல பயணத் திட்டம் என்பது இதுவரை கூறியவற்றால் பெறப்படும்.

ஐரோப்பா எல்லோர்க்கும் எட்டுமா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். எட்டாவிட்டாலும் இக்கலை வீண் போகாது. 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2018-இல் அகலப் பாதையாக முழுமை பெற்ற செங்கோட்டை – கொல்லம் இரயில் வழி நம் வாசலில் இருக்கிறது. ஆரியங்காவு மலைக்குகையும் கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலமும் அவ்வழியில் உள்ளன. இரண்டு நாள் பயணமாக அதை ஒருமுறை வகுத்துப் பாருங்கள்: எந்த வண்டி, எங்கே இரவு, என்ன செலவு, எதை விடுவது என்று தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு நாளைச் செம்மையாக வகுக்கத் தெரிந்தவர்க்குப் பன்னிரண்டு நாள் கடினமாக இராது.