கலி 3871: ஆனைமலைக் கல்லில் ஓர் ஆண்டு

திருமோகூரில் காளமேகப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள் வழியில் ஆனைமலையைக் காணாமல் போக இயலாது. மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையை அடுத்து, யானை படுத்துக் கிடப்பதுபோல் தோன்றும் அம்மலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் எழுந்தருளியிருக்கிறார். அக்குடைவரையில் வடமொழியில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. வடமொழிக் கல்வெட்டில் வரும் ஓர் ஆண்டுக் கணக்கே இம்முறை நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

கலியில் 3871 ஆண்டுகள் சென்றபின், கார்த்திகை மாதத்து ரேவதி நன்னாளில் எம்பெருமான் இங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டான் என்பது அதன் பொருள். இதில் ‘சென்றபின்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் முன்னோர் ஆண்டைக் கழிந்த ஆண்டாகவும் எண்ணினர், நடப்பாண்டாகவும் எண்ணினர். இங்கே 3871 கழிந்துவிட்டது, நடப்பது 3872. இதைக் கருதாமல் 3871ஐயே நடப்பாண்டாகக் கொண்டால் விடை கி.பி. 769 என்று ஓர் ஆண்டு பிழைபடும். சரியான விடை கி.பி. 770.

சக ஆண்டுக்கு மாற்றக் கலியிலிருந்து 3179ஐக் கழிக்க வேண்டும். இவ்வெண்ணுக்குச் சான்று கல்லிலேயே உண்டு. இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு சகம் 556 என்றும், பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டுகள் என்றும் இரண்டு கணக்குகளையும் ஒருசேரத் தருகிறது; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 3179. ஆகவே ஆனைமலையின் ஆண்டு சகம் 692. கொல்லம் ஆண்டில் இதனைக் கூற வழியில்லை. கொல்லம் தொடங்கியதே 825இல்தான்.

தமிழ்க் கல்வெட்டில் ஆண்டு இல்லை, ஆட்கள் உள்ளனர். கோமாறஞ்சடையனுக்கு உத்தரமந்திரியாயிருந்த, களக்குடி வைத்தியன் மூவேந்தமங்கலப் பேரரையன் எனப்பட்ட மாறன் காரி இக்கற்றளியைச் செய்தான். நீர்த்தெளிக்கும் முன்னரே அவன் விண்ணுலகெய்தினான். பின்னர் அவன் தம்பி மாறன் எயினன் அப்பதவியை எய்தி, முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தான். தமையன் தொடங்கிய கைங்கரியத்தைத் தம்பி தலைக்கட்டிய செய்தி இவ்வளவு சுருக்கமாகக் கல்லில் நிற்கிறது.

இம்மாறன் காரியே வேள்விக்குடிச் செப்பேட்டிலும் ஆணத்தியாக வருகிறான். அச்செப்பேடு பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்டது. ஆட்சியாண்டு என்பது கரையில் கட்டாத தோணி போன்றது. ‘மூன்றாவது’ என்றால் எதிலிருந்து மூன்று என்பதை வேறொரு கணக்குத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லுவது ஆனைமலையின் கலியாண்டு. மந்திரி மறைந்தது 770ஐ ஒட்டி என்றால், அவன் உயிரோடிருந்த மூன்றாம் ஆட்சியாண்டு அதற்குப் பிற்பட்டிருக்க முடியாது. சீவரமங்கலச் செப்பேட்டில் பரமவைஷ்ணவன் என்று போற்றப்பெறும் இவ்வரசனின் காலம் இவ்வாறே உறுதி பெறுகிறது.

இனி அறுபதாண்டுச் சக்கரம். கழிந்த கலியோடு 12 கூட்டி 60ஆல் வகுத்து, மீதிக்கு அடுத்த ஆண்டைக் கொள்வது நம் பஞ்சாங்க வழக்கு. 3871உடன் 12 கூட்டினால் 3883; மீதி 43; நாற்பத்து நான்காவதாகிய ‘சாதாரண’ வருகிறது. ஆயினும் இப்பெயரை 770க்குச் சூட்ட நாம் தயங்குகிறோம். வியாழனின் நடையை ஒட்டிய பழைய கணக்கில் சுமார் 85 ஆண்டுகளுக்கு ஒரு பெயர் விடுபடும். தென்னாடு அவ்வாறு விடுவதை நிறுத்தியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு இன்றைய சூத்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் பெயர் ஒன்றோ இரண்டோ தள்ளிப்போகும். கல்வெட்டும் பெயர் எதுவும் கூறவில்லை. நாமும் கூறாதிருப்பதே முறை.

திருவாய்மொழி பயில்வோர்க்கு இவ்வாண்டு ஏன் முக்கியமாகிறது? ‘மாறன்’, ‘காரி’ என்னும் பெயர்களைக் கண்டவுடன் சிலர் இம்மந்திரியை நம்மாழ்வாரின் திருத்தகப்பனாராகவும், வேறு சிலர் மதுரகவிகளாகவும் கொண்டு, ஆழ்வாரின் காலத்தை 770ஐ ஒட்டி நிறுத்த முனைந்தனர். நமக்கு இது உடன்பாடன்று. மாறன் காரி என்றால் மாறனின் மகன் காரி. வடமொழிக் கல்வெட்டும் அவனை மாறனின் மகன் என்றே கூறுகிறது. குருபரம்பரையோ ஆழ்வாரின் தந்தையான காரியாரைப் பொற்காரியாரின் திருக்குமாரர் என்கிறது. ஊரும் திருக்குருகூர், களக்குடி அன்று. மதுரகவிகளோ திருக்கோளூரில் அவதரித்த அந்தணர். பெயர் ஒத்ததனாலேயே ஆளும் ஒன்றாகிவிடமாட்டார்.

ஆழ்வாரின் திருவவதாரத்துக்கு மரபு கூறுவதும் கலிக் கணக்கே: கலி பிறந்த 43ஆம் நாள், பிரமாதி வருஷம், வைகாசி விசாகம். இதனைக் கணித்துப் பார்த்தபோது நமக்கே வியப்பு உண்டாயிற்று. சித்தாந்த நூல்களின்படி கலி பிறக்கும்போது சூரியனும் சந்திரனும் மேஷத்தின் தொடக்கத்தில் நிற்கின்றனர். சித்திரைக்கு 31 நாள் போக, 43ஆம் நாள் வைகாசி 12. சந்திரன் ஒரு சுற்று வர ஏறத்தாழ 27.32 நாள், 43இல் அதைக் கழித்தால் 15.68. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு நாளும் சிறிது கூடுதலும் ஆவதால், அஸ்வினி முதல் பதினைந்தும் கடந்து, பதினாறாவதாகிய விசாகத்தில் அந்நாள் நிறைவுறுகிறது. வைகாசியும் விசாகமும் 43 என்ற எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

பிரமாதியும் பொருந்துகிறது: கழிந்த கலி பூச்சியம், கூட்டியது 12, அடுத்தது பதின்மூன்றாவதாகிய பிரமாதி. ஆனால் வியாழனை ஒட்டிய சூரிய சித்தாந்தக் கணக்கிலோ கலியின் முதல் ஆண்டு விஜய. ஆகவே இவ்வாண்டுப் பெயரை வகுத்தவர்கள் தென்னாட்டுச் சக்கரம் தனிப்பட்ட பின்பு வாழ்ந்த ஆசாரியர்கள் என்று கொள்ள இடமுண்டு. இப்படிக் கூறுவது மரபுக்குக் குறை என்று நாம் எண்ணவில்லை. வைகாசி விசாகம் என்னும் திருநட்சத்திரம் வழிவழியாகக் கொண்டாடப்பட்டது. அதற்கு ஆண்டுப் பெயர் சூட்டியவர்கள் தம் காலத்துப் பஞ்சாங்கத்தால் சூட்டினர். மந்திரியின் கலியோ கற்றளி எழுந்தபோதே பொறிக்கப்பட்டது.

இரண்டிலும் ‘கலி’ என்னும் சொல் வருவது கொண்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, ஆழ்வாருக்கும் ஆனைமலைக்கும் இடையே இத்தனை ஆண்டு என்று கூறுவோரும் உளர். 3871 ஒரு மந்திரியின் கைங்கரியத்துக்கு இட்ட தேதி. 43 ஒரு திருநட்சத்திரத்தை யுகத்தின் வாயிலில் வைத்துப் போற்றும் கணக்கு. அடுத்த முறை திருமோகூர் செல்லும் அன்பர்கள் ஆனைமலையிலும் இறங்கி, முகமண்டபத்தில் சற்று நின்று, அண்ணன் தம்பி இருவரின் பெயரையும் கல்லில் கண்டு வரலாம்.