இரைச்சல் வரும் வழி: வயர்லெஸ் பழுதுபார்க்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்



மார்த்தாண்டத்தில் வயர்லெஸ் வேலை கற்றுக்கொள்ளும் உன் மேசைக்கு இரண்டு வகை செட்டுகள் வரும். ஜீப்பிலும் லாரியிலும் பொருத்தியவை ஒரு வகை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்தும், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்தும் வரும் படகுச் செட்டுகள் இன்னொரு வகை. ‘எஞ்சின் ஓடினால் ஒரே இரைச்சல்’ என்று யாராவது வந்து நின்றால் அவரைத் திருப்திப்படுத்துவது எளிது. பலமான சிக்னல் வராதபோது ஸ்பீக்கரை அடைக்கும் ஸ்குவெல்ச் திருகைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், ஸ்பீக்கர் அடங்கிவிடும். அவரும் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் ஸ்பீக்கர் அடங்கியதால் பழுது தீர்ந்ததாக ஆகாது. தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரல், எஞ்சின் நிற்கும்போது கேட்பதுபோலவே எஞ்சின் ஓடும்போதும் கேட்க வேண்டும். உன் வேலைக்கு அது ஒன்றே அளவுகோல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. படகுகள் அவசரத்துக்குக் காது வைத்திருக்கும் வி.எச்.எஃப். 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்த அலை ஏறக்குறைய அடிவானம் வரைதான் போகும். மீட்டரில் அளந்த ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு படகுகளின் தூரத்தையும் கூட்டினால், 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். அந்த எல்லையை நெருங்க நெருங்கக் குரல் மெலியும். இரைச்சல் முதலில் விழுங்குவது அந்தக் குரலைத்தான். எஃப்.எம். முறையில் இயங்கும் இந்தச் செட்டுக்கு எஞ்சின் இரைச்சல் ஒன்றும் செய்யாது என்று சிலர் வாதிடுவார்கள். பக்கத்துப் படகின் பலமான சிக்னலுக்கு அது சரி. சிக்னல் மெலியும்போது அந்தப் பாதுகாப்பு கைவிட்டுவிடும். ஸ்குவெல்ச்சை ஏற்றி வைத்திருந்தால் அப்போது இரைச்சல் காதிலும் விழாது. செட் சும்மா இருக்கும், அழைப்பு மட்டும் வராது. இந்தப் பழுதோடு வருபவர் உன்னிடம் இரைச்சல் என்றே சொல்லமாட்டார். ‘தூரம் எடுக்கவில்லை’ என்பார். நீ 25 வாட் செட்டைக் கொடுப்பாய். அது அவர் குரலைத்தான் பலமாக அனுப்பும்; அவர் கேட்கும் திறனை இம்மியளவும் கூட்டாது.

இரைச்சலில் அழைப்பு தொலைந்துபோவது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கப்பல்களில் பொருத்திய சில எல்.இ.டி. விளக்குகளால் வி.எச்.எஃப். செட்டுகளின் கேட்கும் திறன் குறைகிறது என்றும், மீட்பு மையம் ஒன்று ஒரு கப்பலை வி.எச்.எஃப்.பில் அழைத்தும் தொடர்புகொள்ள முடியாமல் போனது என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன சோதனைக்குக் கருவியே வேண்டாம். விளக்குகளை அணைத்துவிட்டு, ஆளில்லாத சேனலில் இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் ஸ்குவெல்ச்சை நிறுத்து. பிறகு விளக்கைப் போடு. ஸ்பீக்கர் மறுபடி இரைந்தால் குற்றவாளி அந்த விளக்கு. மொபைல் சார்ஜர், 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர், எக்கோ சவுண்டர், வைப்பர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போட்டு இதே சோதனையை நடத்தலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் விடை குழம்பிவிடும்.

குற்றவாளி யார் என்று தெரிந்தாலும், அது செட்டுக்குள் நுழைந்த வழி தெரியாமல் மருந்து போடாதே. ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறொன்று, இங்கேயும் அப்படித்தான். முக்கிய வழிகள் இரண்டு: மின்கம்பி, ஆன்டெனா. செட்டின் இரண்டு கம்பிகளையும் கழற்றித் தனி பேட்டரியில் போட்டு ஓட்டிப் பார். இரைச்சல் போனால் அது மின்கம்பி வழியாக வந்தது. போகாவிட்டால் ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு மாட்டிப் பார். இப்போது போனால் அது ஆன்டெனா வழியாக வந்தது. செட்டின் மின்கம்பியில் பில்டர் போட்டாலும் ஃபெரைட் மாட்டினாலும் ஆன்டெனா வழியாக வரும் இரைச்சலைத் தொடக்கூட முடியாது. ‘பில்டர் போட்டும் கேட்கவில்லை’ என்ற புலம்பலில் பாதி, வழி தெரியாமல் போட்ட பில்டரால் வருவது.

சத்தத்தின் தன்மையும் துப்புக் கொடுக்கும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால் விசைப்படகில் இக்னிஷனைத் தேடி நேரத்தை வீணாக்காதே. அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் பிளக் உண்டு. படபடவென்று வெடித்து வேகத்தோடு கூடும் சத்தம் அதனுடையது. ரெசிஸ்டர் பிளக் போட்டால் பெரும்பாலும் அடங்கும். வேகம் கூடக் கூட சுருதி ஏறும் ஊளை ஆல்டர்னேட்டருடையது. 12 துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் சிற்றலை 1800 ஹெர்ட்ஸில் வரும். மனிதப் பேச்சின் நட்டநடுவில். அதன் டயோடு ஒன்று போனாலும் ஊளை பலக்கும். செட்டின் இரு கம்பிகளையும் ஃப்யூஸ் வைத்து நேரே பேட்டரி முனைகளில் கட்டு. பேட்டரியே நல்ல பில்டர். உப்புக்காற்றில் பச்சை பிடித்த எர்த் முனைகளைச் சுரண்டு, கோஆக்ஸ் இணைப்பில் நீர் இறங்காமல் சுற்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை மட்டும் கழற்றாதே. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் எகிறி செட்டையே எரித்துவிடும்.

இவ்வளவு பார்க்க நேரம் ஏது, கூலி யார் தருவார் என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். ஆனால் தனி பேட்டரியும் டம்மி லோடும் வைத்துச் சோதித்து முடிக்கிற நேரத்தைவிட, ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிற நேரம் அதிகம். பாகத்தின் விலையும் சேரும். செயற்கைக்கோள் கருவி வந்தபின் வி.எச்.எஃப். எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் படகுகள் கரையின் வி.எச்.எஃப். எல்லைக்கு வெகு அப்பால் இருந்தன. எத்தனை சுத்தமான செட்டும் அந்தத் தூரத்தைக் கடந்திருக்காது. அதற்குச் செயற்கைக்கோள்தான் வேண்டும். ஆனால் 2019இல் வந்த ஜெமினி என்ற செயற்கைக்கோள் கருவி எச்சரிக்கையை வாங்கும், பதில் சொல்லாது. எச்சரிக்கை கிடைத்த படகு பக்கத்துப் படகை எழுப்பவும், மூழ்குபவன் அருகில் இருப்பவனைக் கூப்பிடவும் வி.எச்.எஃப்.தான் வாய். அந்தக் கூப்பாட்டைக் கேட்கும் காதை நீதான் பழுதுபார்க்கிறாய்.

ஆகவே தம்பி, எஞ்சினை ஓட்டி, விளக்குகள் எல்லாவற்றையும் போட்டு, தூரத்து நிலையம் ஒன்றின் மெலிந்த குரலைக் கேட்டுப் பார்க்காமல் எந்தச் செட்டையும் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லி உடையவர் கையில் கொடுக்காதே.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்