கணினிப் பந்தும் தோழமையும்

மாணவர்களே! ‘உப்பின் இப்பின்’ படத்தில் ராஜூ ஓடுவதாகக் காண்கிறோம். உண்மையில் அவை விநாடிக்கு ஏறத்தாழ 24 அசையாப் படங்களே.

கணினியில் இக்கலையைப் பழகுவோர் முதலில் துள்ளும் பந்தையே செய்வர். நம் தம்போய்த் தோழர் ஒருவர் அத்தகைய பந்தைக் காட்டினால், “நன்று” என்பதோடு நின்றுவிடாதீர்கள். பந்து உச்சியில் மெதுவாகவும் தரையருகே விரைவாகவும் செல்லும். ஆகவே, அடுத்தடுத்த படங்களில் பந்தின் நிலைகள் மேலே நெருங்கியும் கீழே விலகியும் அமைதல் வேண்டும். இதனை அன்போடு சுட்டுங்கள். வெறும் புகழ்ச்சி பந்தைத் திருத்தாது. ஏளனமோ தோழரையே விலக்கிவிடும்!

இக்கலைக்குரிய பிளெண்டர் என்னும் மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. அதனைப் பயன்படுத்தியோர் ஏழே வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அம்மென்பொருளை மீட்டனர். அவ்வாண்டு முதல் அஃது எவருக்கும் இலவசம்.