படகு யார் பெயரில்?

நெசவாளர்களுக்கும் பயிரிடுவோர்க்கும் படகைப் பற்றி என்ன பாடம் என்று அங்கத்தினர் சிலர் வியக்கக்கூடும். ராஜகீழ்ப்பாக்கத்திலே ஏரி உண்டு, கடல் இல்லை. ஆயினும் கிழக்கே கடற்கரைச் சாலையை அடைந்து தெற்கே திரும்பினால் முட்டுக்காடும் கோவளமும் வந்துவிடுகின்றன. அப்பக்கம் உறவும் கொடுக்கல் வாங்கலும் உடையவர்கள் நம்மில் உளர். நால்வர் பணம் சேர்த்து ஒரு படகு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதனை ஒருவர் பெயரில் பதிவதா, கம்பெனி ஒன்று அமைத்து அதன் பெயரில் பதிவதா? தறிக்கூடத்துக்கும் லாரிக்கும் இதே கேள்விதான் எழுகிறது என்பதால் இம்மாதம் இதனை எடுத்துக்கொண்டோம்.

வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வரலாற்றிலேயே இப்பாடம் அடங்கியிருக்கிறது. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பிள்ளையவர்கள் துணைச் செயலாளர். முதலில் வாடகைக் கப்பல்களை ஓட்டினார்கள். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அவை கைநழுவவே, சொந்தக் கப்பல் தேவைப்பட்டு, 1907இல் காலியா, லாவோ என்னும் இரண்டும் வந்து சேர்ந்தன. கப்பலோட்டிய தமிழர் என்று நாம் போற்றும் அப்பெரியாருக்குச் சட்டப்படி ஒரு கப்பலும் சொந்தமன்று, சொந்தக்காரர் கம்பெனியே. 1908இல் அவர் சிறை புகுந்தபோதும் கம்பெனி சட்டத்தின் கண்ணில் உயிரோடிருந்தது. 1911இல் அது கலைக்கப்பட்டபோது, பங்குப் பணம் முழுவதும் செலுத்தியவர் அப்பணத்தை இழக்கலாமேயன்றி, கம்பெனியின் கடனுக்காக அவருடைய வீட்டையோ நிலத்தையோ எவரும் கேட்க இயலாது. ஆனால் 1912இல் பிள்ளையவர்கள் விடுதலையாகி வந்தபோது, தாம் அரும்பாடுபட்டு வாங்கிய கப்பல்கள் இல்லை. அவற்றைக் காக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்ததுமில்லை. கம்பெனி தரும் பாதுகாப்புக்கு இதுவே விலை.

சொந்தப் பெயரில் படகு வைத்திருப்பவர் அதன் கடனுக்கும் விபத்துக்கும் தம் முழுச் சொத்தோடும் பொறுப்பாவார். கூட்டு வியாபாரமாக நடத்தினாலோ, 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்காளி செய்ததற்கு மற்றவர்களும் பொறுப்பு. கம்பெனி இவற்றுக்கு ஒரு மதில். மதிலுக்கும் வாசல்கள் உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். சிறிய கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது இயக்குநர்களின் சொந்த ஜாமீனைக் கேட்பது வழக்கம். கையெழுத்திட்டால் மதில் அங்கேயே இடிந்தது. பிரைவேட் கம்பெனியின் வரிப் பாக்கி வசூலாகாவிடில், தம்மீது பெருந்தவறில்லை என்று மெய்ப்பிக்காத இயக்குநரைத் தொடர 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இடமளித்தது. படகைத் தாமே கவனமின்றி ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தவருக்கு எந்தக் கம்பெனியும் கேடயமாகாது. 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மறுநாளே படகின் சொந்தக்காரர் கைதுசெய்யப்பட்டார். குற்றவியல் சட்டம் தேடுவது ஆளையே.

இனி வரி. 2019இல் வந்த சலுகை விகிதத்தை ஏற்கும் கம்பெனிக்கு அடிப்படை வரி 22 சதவிகிதம். தனி நபருக்கு உச்சப் படியில் 30. இதை மட்டும் பார்த்து மயங்கலாகாது. தனி நபரின் வருமானம் சிறிதாயின் வரியே இல்லாமற் போகலாம். கம்பெனிக்கோ முதல் ரூபாய் இலாபத்திலிருந்தே வரி. அப்புறம் ஈவுத்தொகையாக எடுக்கும்போது, 2020 ஏப்ரல் முதல், பங்குதாரர் கணக்கிலும் வரி. வியாபாரம் சிறிதாயினும் ஆண்டுதோறும் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்வித்தாக வேண்டும். தேய்மானக் கழிவு சொந்தக்காரருக்கே கிடைக்கும். படகு ஒருவர் பெயரிலும் தொழில் கம்பெனி பெயரிலும் இருந்தால், கம்பெனி வாடகையைச் செலவாக எழுதலாம், தேய்மானத்தை எழுத முடியாது.

பயிரிடுவோர் 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் அறிய வேண்டும். தேயிலைக் கம்பெனிகளின் வருமானத்தில் 60 சதவிகிதம் விவசாய வருமானம். ஆகவே தம் ஈவுத்தொகையிலும் அவ்வளவு விவசாய வருமானமே என்று பச்சா குஸ்தார் என்னும் பங்குதாரர் வாதாடினார். கம்பெனியின் நிலம் பங்குதாரரின் நிலமன்று என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. கடனுக்கு மதிலாக நிற்கும் கம்பெனி, சலுகைக்கும் மதிலாகிவிடுகிறது.

மூன்றாவது வழி நமக்கு நெருங்கியது. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், ஒரு கப்பலின் உடைமையைப் பத்துப் பங்குகளாக வகுத்ததோடு, இந்தியக் குடிமகன், கம்பெனி ஆகியோருடன் கூட்டுறவுச் சங்கத்தையும் கப்பலின் சொந்தக்காரராக ஏற்றது. மீன்பிடிப்புச் சங்கத்தின் அத்தொழில் இலாபத்தையும், குடிசைத் தொழில் நடத்தும் சங்கத்தின் இலாபத்தையும், அங்கத்தினர் விளைபொருளை விற்றுத்தரும் சங்கத்தின் இலாபத்தையும் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள 1961ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டமும் சங்கங்களுக்கான கழிவைத் தொடர்ந்துள்ளது. மீன்பிடிப்புச் சங்கமாயின், வாக்குரிமை பெரும்பாலும் உழைக்கும் அங்கத்தினருக்கே உரியதென விதியில் இருக்கவேண்டும். உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிப்பதோ மீன்பிடிப்பு ஆகாது.

முதலில் ஒருவர் பெயரில் வாங்கிப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பாரும் உளர். கம்பெனி வேறு ஆள் ஆதலால் அந்த மாற்றமும் ஒரு கைமாற்றமே. அதற்கும் வரிக்கணக்கு உண்டு. பதிவேட்டிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் பெயர் ஒரே நாளில் மாறட்டும். படகு கம்பெனிக்கும் பத்திரம் பழைய சொந்தக்காரருக்கும் உரியதாய் இருக்கும் இடைவெளியில் விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம்.