வௌவால் ஏன் தலைகீழாகத் தொங்குகிறது?

தொங்குதல் என்றதும் நமக்குச் சிரமமே நினைவுக்கு வருகிறது. கிளையைப் பற்றித் தொங்கும் சிறுவனின் கைகள் சில நிமிடங்களிலேயே சோர்ந்துவிடும். முடிவு காணாத வழக்கையும் 'தொங்கலில் கிடக்கிறது' என்கிறோம். வௌவாலுக்கோ தொங்குதலே ஓய்வு.

நாம் ஒன்றைப் பற்றும்போது விரல்களை மடக்கும் தசைகள் இடைவிடாது உழைக்கின்றன. வௌவால் தொங்கும்போது உடலின் பாரமே காலின் தசைநாண்களை இழுத்து நகங்களை மடக்குகிறது. தசைநாணின் மீதுள்ள நுண்ணிய முண்டுகள், அதைச் சூழ்ந்த உறையின் மடிப்புக்களில் பொருந்திப் பூட்டிக்கொள்கின்றன. பிடியை விடுவதற்கே தசையின் முயற்சி வேண்டும். ஆகையால் உறக்கத்திலும் அது விழுவதில்லை. இறந்த பின்னும் சில வௌவால்கள் தொங்கியபடியே காணப்படுவதுண்டு.

மற்றொரு நன்மையும் உண்டு. பறவையைப்போல் தரையிலிருந்து உந்தி எழுவதற்கேற்ற வலிய கால்கள் பெரும்பாலான வௌவால்களுக்கு இல்லை. அவை பிடியை விட்டு, விழும் வேகத்திலேயே சிறகை விரித்துப் பறக்கின்றன. ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலம் சிறகு விரிக்கும் இந்தியப் பழந்தின்னி வௌவால், ஆல், அரசு, புளி போன்ற ஓங்கிய மரங்களை நாடுகிறது.

ஆலின் விதைகளைப் பரப்பியும், இலுப்பையின் மகரந்தத்தைச் சேர்த்தும் இவ்வௌவால்கள் நமக்கு உதவுகின்றன. எனினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. சட்டம் மாறினும், தொங்குவதற்குரிய முதுமரம் வெட்டுண்டால் அவற்றின் ஓய்விடம் அழியும். அம்மரங்களைக் காப்பது நம் கடமையாகும்.