சரக்கு வண்டியின் ஆசனமும் வைப்பிடமும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லும், நெசவாளர் இல்லங்களுக்கு நூலும் சுமந்து செல்ல முன்னாளில் மாட்டு வண்டி இருந்தது. 2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டியும், 2011ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு தோஸ்த் வண்டியும் வெளிவந்த பின்னர், சிறு விவசாயியும் சிறு சங்கமும்கூடச் சரக்கு மோட்டார் வாங்கும் நிலை உண்டாயிற்று. வாங்கியதும் ஆசனத்தை மாற்றவும் பெட்டிகள் பொருத்தவும் பலர் முற்படுகின்றனர். அதில் வேண்டுவது யாது, வேண்டாதது யாது என்பதை ஆராய்வோம்.

மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலை நாம் அறிவோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி ஆக்கப்பட்டதென அதன் கல்வெட்டே கூறுகிறது. பாறையை நீக்கியதனாலேயே அங்கு இடம் உண்டாயிற்று. வண்டிக்கும் இதுவே நெறி: முதலில் நீக்குக, பின்னரே சேர்க்க.

ஓட்டுநர் அறையிலுள்ள பொருள் அனைத்தையும் வெளியே எடுத்து வைத்து, நாள்தோறும் வேண்டுவன, ஆபத்தில் வேண்டுவன, வேண்டாதன என மூன்றாகப் பிரித்தல் நன்று. மூன்றாம் வகை வீட்டிற்குச் செல்லட்டும். எஞ்சியவற்றிற்கு எவ்வளவு இடம் தேவை என்பது அப்பொழுதுதான் விளங்கும்.

அடுத்தது எடைக் கணக்கு. சரக்குக்கு 1,250 கிலோ அனுமதியுள்ள வண்டி என்று கொள்வோம். 75 கிலோ மூட்டை 16 ஏற்றினால் 1,200 கிலோ. மிச்சம் 50 கிலோ. அதில் 60 கிலோ இரும்புப் பெட்டியைப் பொருத்தினால் 15 மூட்டைக்கே இடமுண்டு. மாதம் 20 நடை சென்றால் 20 மூட்டை, அதாவது 1,500 கிலோ, ஏறாமற் போகும். அனுமதியை மீறி ஏற்றினாலோ பிரேக்கும் டயரும் தேய்வதுடன் அபராதமும் நேரும். ஆதலின் பெட்டி சிறிதாகவும் இலேசாகவும் இருத்தல் வேண்டும்.

ஆசனம் பற்றித் தறிக்குழியில் அமர்வோருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. உயரம் பிசகினால் இடுப்பு நோகும். பணம் செலவிடுமுன் ஆசனத்தை முன்பின் நகர்த்திப் பார்க்க வேண்டும். கிளச்சை முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருப்பதே சரியான நிலை. ரெக்சின் உறை கோடையில் வேர்வையைத் தேக்கும். தடித்த கைத்தறிப் பருத்தி உறை இரண்டு தைத்துக்கொண்டால், ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்று உதவும். நம் தறிகளுக்கும் வேலை கிட்டும். உறை வழுக்காதிருக்கவும், இருக்கைப் பட்டையின் பூட்டை மறைக்காதிருக்கவும் வேண்டும். திண்டின்மேல் திண்டு அடுக்குதல் கூடாது.

கனமான கருவிகள் தாழ்வாகவும் அசையாமலும் கட்டப்பட வேண்டும். உருளும் தண்ணீர்ப் புட்டி பிரேக் மிதியின் அடியில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முதலுதவிப் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பூச்சிமருந்தை விதையுடனோ உணவுடனோ வைத்தல் ஆகாது. நூல் கட்டுகளுக்கு அடியில் பலகையும் மேலே தார்ப்பாயும் அவசியம். தரையில் துளையிடுமுன் அடியில் எரிபொருள் குழாயோ மின்கம்பியோ செல்கிறதா என்று பார்த்தல் வேண்டும். துளையின் விளிம்பிற்குத் துருப்பிடிக்காத வண்ணம் பூசுதலும் வேண்டும்.

இறுதியாகச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதல் குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அத்தகைய மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உறை மாற்றுதல் வேறு. ஆசனங்களின் எண்ணிக்கையைக் கூட்டுதல் வேறு. பின்புறத்தில் பலகை அடித்து நடவாட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்கு ஈடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்திற்கு இல்லையென உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விபத்து நேரின் உழைப்பாளியின் குடும்பமும் வண்டிக்காரரின் குடும்பமும் ஒருங்கே நலியும்.

அங்கத்தினர் கூடி ஆராய்வதற்கு வினாக்கள்:

1. நம் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை எவ்வளவு? வெற்று வண்டியின் எடை எவ்வளவு?
2. வாங்கிய பின் சேர்த்தவற்றின் எடை எவ்வளவு? அதனால் எத்தனை மூட்டை குறைகிறது?
3. ஓட்டுநர் அறையில் கட்டப்படாத பொருள்கள் எவை?