அனுதினமும் நடக்க வேண்டுவது ஏன்?



தேகப்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே நம் பக்கத்துக் குடும்பத் தலைவர்கள் சிரிப்பார்கள். “கரிசல் காட்டில் மாடாய் உழைக்கிறவனுக்கு அது எதற்கு?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உழைப்பு வருஷத்தில் எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பசுவந்தனைச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் மானாவாரி நிலம். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைக்கிறோம். உளுந்தும் பாசியும் தை மாதத்துக்குள் வீடு சேரும். பருத்தி, மிளகாய் என்றால் இன்னும் சில மாதம். அதன்பின் காடு சும்மா கிடக்கிறது. நாமும் வேப்ப மரத்தடியில் சும்மா இருக்கிறோம். முன்பு அந்நாட்களிலும் சந்தைக்கும் கிணற்றுக்கும் நடை இருந்தது. இப்பொழுது தெருக்கோடிக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்! தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண்களுக்கோ விரல்கள் மட்டுமே ஓடுகின்றன.

இதனால் என்ன கெடுதல்? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைகளே. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதற்கு வழி திறந்துவிடுகிறது. தசை வேலை செய்யும்போதோ, இன்சுலின் குறைவாயிருந்தாலும் தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை நின்ற பிறகும் இன்சுலினுக்கு எளிதில் இணங்கும். அந்த இணக்கம் எவ்வளவு காலம்? ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

இந்தப் பாடத்தின் உயிர்நிலை இதுதான். ஆகஸ்டு 15ஆம் தேதித் திருநாளுக்குக் காமநாயக்கன்பட்டி மாதா கோயிலுக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. பக்தியில் அது பெரிது. சரீரத்தின் கணக்கிலோ அந்த நடையின் பலன் மூன்றாம் நாளில் தீர்ந்துபோம். குலுக்கையில் கம்பைக் கொட்டி வைப்பதுபோல் உழைப்பைக் கொட்டி வைக்க முடியாது.

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் முதலானோர் செய்த ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். வழக்கமான புத்திமதி மட்டும் கேட்ட பிரிவில், மூன்று வருஷத்தில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆகாரத்தைச் சீர்செய்து, தினம் அரைமணி நேரமாவது விரைந்து நடக்கச் சொன்ன பிரிவில் சுமார் 39 பேர். மெட்பார்மின் மாத்திரை கொடுத்த பிரிவில் சுமார் 40. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பிரிவிலும் அதைவிட லாபம் காணவில்லை. மாத்திரைச் சீட்டுக்குக் காட்டும் மரியாதையை நடைக்கும் காட்டினால் என்ன?

அதே ஆராய்ச்சியில், உடலால் உழைக்கிறவர்களையும், அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போகிறவர்களையும், “செய்து வருவதையே செய்யுங்கள்” என்றார்கள். ஆகவே பகலெல்லாம் களையெடுத்துக் குடமும் சுமந்து வரும் பெண்ணைப் பார்த்து, “நீயும் போய் நட” என்று சொல்வது அநியாயம். அவளுக்கு வேண்டியது இளைப்பாறுதல். நடக்க வேண்டியவர் கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவர்.

எப்படி நடப்பது? பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும். வாரத்தில் 150 நிமிஷமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துவிடப் பார்க்காதீர்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதிருங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. நெஞ்சில் இறுக்கம் கண்டால் உடனே நின்று வைத்தியரிடம் போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மடியில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றி வியர்த்தால் உதவும்.

நீரிழிவு உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கலாகாது. நம் ஊர் வண்டிப்பாதை நெடுகச் சீமைக்கருவேல முள். உணர்ச்சி மங்கிய காலில் அது ஏறினால் தெரியாது; புண் புரையோடிய பிறகே தெரியும். வீடு திரும்பியதும் விளக்கடியில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.